காந்தம் ஒட்டினால் எஃகு ஆகிவிடாது: உலை செட் வாங்கப் போகிறவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வாளையார் பக்கம் வீட்டிலேயே சின்னதாக இரும்படிக்கிற உலை போட நினைக்கிறவர்கள், பழைய இரும்புக் கடையில் யாராவது 'மொத்த செட்டும் நானே தர்றேன்' என்றால் கொஞ்சம் நில்லுங்கள். நான் 14,000 ரூபாய் கொடுத்து ஏமாந்த கதை இது.

தொட்டி, ப்ளோயர், காற்றுக் குழாய், இரும்பை வைத்து அடிக்கிற பட்டடைக்கல், எல்லாம் கறுப்பு பெயின்ட் அடித்துப் புதுசாட்டம் வைத்திருந்தார் கடைக்காரர். பட்டடை எஃகுதானா என்று கேட்டதற்கு ஒரு காந்தத்தை எடுத்து ஒட்டிக் காட்டி, "பாருங்க சேட்டா, பக்கா ஸ்டீல்" என்றார். காந்தம் வார்ப்பிரும்பிலும்தான் ஒட்டும், அது அந்த ஆளுக்குத் தெரியாமலா இருக்கும்?

வீட்டுக்குக் கொண்டுவந்து சிரட்டைக்கரி போட்டு ப்ளோயரை ஓட்டியதும் குழாய் வாயிலிருந்து வெள்ளைப் புகை. பெயின்ட் எரிகிறது போல என்று பார்த்தால் நிற்கவே இல்லை. பெயின்ட் உரிந்த இடத்தில் மஞ்சளாக ஒரு மாவு படிந்து, ஆற ஆற வெள்ளையானது. பக்கத்து வீட்டு ஆசாரி பெரியவர் மதில் மேல் எட்டிப் பார்த்து, "தம்பி, காத்தை நிறுத்திட்டுத் தள்ளி வா, அது நாகம்" என்று கத்தினார். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்புக்குக் கறுப்படித்துத் தந்திருக்கிறார்கள். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும், உலை அதைத் தாண்டிப் போகும். அன்று ராத்திரி குளிர் நடுக்கம், காய்ச்சல், வாயில் இரும்பைச் சப்பியது போல ஒரு ருசி. டாக்டர் கேட்டதும் உலோகப் புகைக் காய்ச்சல் என்றார், அடுத்த நாளே தணிந்துவிட்டது.

பட்டடை கதை இன்னும் மோசம். சம்மட்டி அடியில் ஓரம் பொட்டென்று பெயர்ந்து விழுந்தது, உடைந்த முகம் சாம்பல் நிறம், தேய்த்தால் விரலில் கரி. பேரிங் குண்டை மேலே போட்டால் நல்ல எஃகுப் பட்டடையில் விட்ட உயரத்துக்குக் கிட்டத்தட்ட எகிறும், இதில் தொப்பென்று அடங்கியது. எஃகு இல்லை, வார்ப்பிரும்புதான்.

திருப்பிக் கேட்டால், "நீங்க அடிச்ச அடி அப்படி" என்கிறார். பில்லில் 'பழைய இரும்பு' என்று மட்டும் எழுதியிருக்கிறது, அது எதற்கென்று இப்போதுதான் புரிகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் பதிந்திருக்கிறேன், பார்ப்போம்.

வாங்குகிறவர்கள் கடையிலேயே பைப்பின் பெயின்ட்டை மட்டும் லேசாகச் சுரண்டுங்கள், அடியில் வெளிர்சாம்பல் நிறத்தில் துத்தநாகப் பூச்சு தெரிந்தால் வேண்டாம். பையில் ஒரு பேரிங் குண்டு இருக்கட்டும். அப்புறம் 'எஃகுப் பட்டடை' என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் வண்டியை எடுத்துவிடுங்கள்.