சமயப் பாடவேளைக்கு எந்த இணையம் உதவும்? ஒரு வன்னி ரீச்சரின் மதிப்பீடு

வன்னியில் சில பள்ளிக்கூடங்களின் பெயர்ப்பலகையில் இன்னமும் 'றோ.க.த.க.' (றோமன் கத்தோலிக்க தமிழ் கலவன்) என்ற எழுத்துகள் இருக்கும். 1960, 61ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்ற பிறகு மிஞ்சியது அந்த எழுத்துகள்தான். படிப்பவர்களில் பெரும்பாலானோர் சைவப் பிள்ளைகள். சமய பாடத்துக்கு மணி அடித்ததும் கிறிஸ்தவப் பிள்ளைகள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு எழும்பி நூலகத்துக்கோ விறாந்தைக்கோ வருவார்கள். என்னுடைய தரம் 8இல் அப்படி வருபவர்கள் ஒன்பது பேர். இதை ஒரு குறை என்று பலர் சொல்வார்கள். எனக்கு வசதி. ஒரு லப்டொப்பைச் சுற்றி ஒன்பது பேர் தாராளமாக இருக்கலாம், மல்டிமீடியா புரொஜெக்டருக்கு அதிபரிடம் கடிதம் கொடுக்கத் தேவையில்லை. கீழே எழுதுவதெல்லாம் இப்படிப்பட்ட வகுப்பை மனதில் வைத்துத்தான். கொழும்பில் ஸ்மார்ட் போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிதாக உதவாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் சிக்னல் வரும், போகும். நான் பாவிக்கும் கம்பனியின் விளம்பரத்தில் 4ஜி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எங்கள் விறாந்தையின் கிழக்கு மூலையில் நின்றால் ஒரு கோடு கிடைக்கும், மழைக்காலத்தில் அதுவும் இல்லை. ஆகவே எதை எடுத்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, நெட் இல்லாமல் வகுப்பில் ஓடுமா என்பதுதான். இரவில் வீட்டில் இறக்கி வைத்துக்கொண்டு காலையில் காட்ட முடிந்தால் சரி. முடியாவிட்டால் அது எவ்வளவு நல்ல தளமாக இருந்தாலும் எனக்கு இல்லை.

அரசாங்கத்தின் தளங்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் பிடிஎப் ஆகக் கிடைக்கும். கத்தோலிக்கத்துக்கு வேறு, கிறிஸ்தவத்துக்கு வேறு. கல்வி அமைச்சின் இ-தக்சலாவவும் தரம் தரமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆசிரியர் வழிகாட்டிகளைத் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் எடுக்கலாம். ஜனவரியில் புத்தகம் பிந்தி வந்தால் இவை கைகொடுக்கும். பாடத்துக்கு உயிர் கொடுப்பது இவற்றின் வேலை இல்லை, அதை எதிர்பார்த்துப் போகவும் வேண்டாம்.

அடுத்தது பைபிள் புரொஜெக்ட். அமெரிக்காவின் போர்ட்லண்டில் டிம் மக்கியும் ஜோன் கொலின்ஸும் 2014இல் தொடங்கியது. வரைபடங்கள் கண்முன்னே விரிந்துகொண்டு போக, விவிலியத்தின் ஒரு முழு நூலையே சில நிமிடங்களுக்குள் சொல்லி முடிப்பார்கள். தமிழுக்கென்று தனி யூரியூப் சனல் இருக்கிறது, காசு ஒன்றும் இல்லை. வேலைப்பாடு அருமை, அதில் எனக்கு மறுபேச்சில்லை. லூக்கா நற்செய்தியின் படத்தைப் போட்டபோது, எப்போதும் யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெடியன்கூடத் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. ஆனால் படம் முடிந்த பிறகு "என்ன விளங்கினது?" என்று கேட்டால் பதில் வராது. அவ்வளவு வேகம், அவ்வளவு செறிவு. சா/த (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளுக்கு மீட்டல் செய்ய இது பொன். தரம் 6, 7க்கு ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, பேசி, பிறகு ஓடவிட வேண்டும். அப்படிச் செய்தால் ஏழு நிமிடப் படம் ஒரு முழுப் பாடவேளையைத் தின்றுவிடும். அதற்கு ஆயத்தமாக இருந்தால் எடுங்கள். கத்தோலிக்க ஆசிரியர்களுக்கு ஒரு சொல்: திருவருட்சாதனங்களையோ மாதாவையோ இதில் தேடாதீர்கள். விவிலியத்தின் கதையோட்டத்தைச் சொல்வதுதான் அவர்களுடைய நோக்கம், அதை நன்றாகவே செய்கிறார்கள்.

யூவேர்ஷன் வேதாகமச் செயலியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். 2008இல் வந்தது, இலவசம், விளம்பரம் இல்லை. என் வகுப்பில் இதற்கு ஒரு வேலைதான்: வாசிக்கக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு ஒலி வடிவத்தைப் போட்டுவிட்டு, கையில் இருக்கும் வேதாகமத்தில் விரலை வைத்துக்கொண்டு வரச் சொல்வேன். தடுக்கித் தடுக்கி வாசித்த பிள்ளை ஒன்று இப்போது அந்தக் குரலுக்கு முன்னால் ஓடப் பார்க்கிறது. இறக்கி வைக்கும்போது எந்தப் பதிப்பு என்று பார்த்து இறக்குங்கள். 66 நூல்கள் உள்ள பதிப்பை இறக்கிவிட்டு, கத்தோலிக்க விவிலியத்தில் கூடுதலாக உள்ள தோபித்தையும் மக்கபேயரையும் தேடிக்கொண்டிருந்தால் கத்தோலிக்கப் பிள்ளைகள் முழிப்பார்கள்.

வினாடி வினாத் தளம் ஒன்றையும் முயன்று பார்த்தேன், பெயர் வேண்டாம். நோவாவின் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு, சரியான விடைக்குத் திரை முழுக்கப் பட்டாசு வெடிக்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். பட்டாசுக்காக விடையை ஊகித்தார்களே தவிர ஒரு வசனத்தையும் புரட்டிப் பார்க்கவில்லை. போதாததற்கு நடுவில் கடன் தரும் விளம்பரம். அதோடு விட்டுவிட்டேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் வகுப்பில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், சமயத்துக்கென்று செய்யாத ஒன்றுக்குத்தான் கொடுப்பேன். கூகுள் ஏர்த்.

செய்தது இவ்வளவுதான். முதலில் இரணைமடுக் குளத்துக்கு மேலே போய், குறிப்பிட்ட உயரத்தில் நின்று ஒரு ஸ்கிரீன்ஷொட். பிறகு யேசு புயலை அடக்கிய கலிலேயாக் கடலுக்குப் போய், அதே உயரத்தில் இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். 'கடல்' என்று படித்த பிள்ளைகள் அது நான்கு பக்கமும் கரை உள்ள நன்னீர் ஏரி என்பதைக் கண்ணால் கண்டதும் குழம்பிப் போனார்கள். நீளம் ஏறத்தாழ 21 கிலோமீற்றர், அகலம் 13.

"இரணைமடுவைவிடப் பெரிசுதான். எண்டாலும் இதுக்குள்ள புயல் எப்பிடி ரீச்சர் வரும்? குளம்தானே?"

நல்ல கேள்வி. படத்தைச் சாய்த்தால் மலைகள் எழும்பி நிற்கும், அந்த வசதி தாள் வரைபடத்தில் இல்லை. ஏரி கடல் மட்டத்துக்கு 200 மீற்றருக்கும் கீழே, குழிக்குள் கிடக்கிறது. சுற்றியுள்ள உயரங்களிலிருந்து குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கு வழியாகச் சரிந்து இறங்கும்போது தண்ணீர் சட்டென்று கொந்தளிக்கும். கரையோரத்திலிருந்து வரும் பெடியன் ஒருவன், தகப்பன் கடல்தொழில், உடனே கேட்டான்: "அவர் வள்ளத்தில எந்தப் பக்கம் படுத்திருந்தவர்?" எனக்கு நினைவில்லை. மாற்கு 4ஆம் அதிகாரத்தைத் திறந்தோம். பின்பக்கம், தலையணையும் வைத்து. "ஓம், அங்கதான் ஆட்டம் குறைவு" என்றான் அவன். அந்த அதிகாரத்தைப் பல வருடமாகப் படிப்பிக்கிறேன், அந்த வசனத்தில் ஒரு பிள்ளையும் இதற்கு முன் நின்றதில்லை.

தூரம் அளக்கும் கருவி ஒன்றும் அதில் உண்டு. யேசு பிறக்குமுன் மரியாளும் சூசையும் போன வழி, நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குக் கோடு இழுத்தால் நேராகவே 110 கிலோமீற்றர் அளவில் வரும். வளைந்து நடந்தால் வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போகும் தூரம் என்று சொல்லலாம். ஏ9 வீதியில் பஸ்ஸில் போய்வந்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு தூரம் என்று தெரியும்.

"நடந்தோ போனவை? வயித்தில பிள்ளையோடயோ?"

அப்போது பின்னால் இருந்த பிள்ளை சொன்னாள்: "எங்கட அம்மாவும் அண்ணாவை வயித்தில வச்சுக்கொண்டுதான் மாத்தளன் மட்டும் நடந்தவ." பிறகு ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் கேட்டதைச் சொல்லத் தொடங்கினார்கள். இவர்கள் எல்லோரும் 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள். அன்றைய பாடத்திட்டத்தில் மிச்சம் இருந்ததை நான் தொடவில்லை. இவ்வளவு நாளும் காட்டிய அழகான படங்களில் ஒன்றுகூட அந்தப் பேச்சை எடுத்து வரவில்லை. ஒரு மஞ்சள் கோடு எடுத்து வந்தது.

குறையும் இருக்கிறது. டேட்டாவை மாடு தண்ணீர் குடிப்பது போலக் குடிக்கும், அதனால் வகுப்பில் நேரடியாக ஓட விடாமல் ஸ்கிரீன்ஷொட்டுகளையே கொண்டு போகிறேன். தெரிவது இன்றைய நிலம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையையும் ஹோட்டலையும் பார்த்துவிட்டு "யேசு காலத்திலயும் இது இருந்ததோ?" என்று கேட்டவர்கள் உண்டு.

கத்தோலிக்கப் பகுதிக்கு வத்திக்கான் செய்திகளின் தமிழ்ப் பக்கம் பயன்படும். அதைவிடப் பயன்பட்டது, 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் மடு மாதா கோவிலுக்கு வந்த காணொளி. அன்று காலையில்தான் கொழும்பு காலிமுகத்திடலில் யோசேப் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்தார். ஓகஸ்ட் திருவிழாவுக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கிய அதே மண்ணில் பாப்பரசர் நிற்பதைப் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். எந்த மரத்தடியில் தங்கள் கூடாரம் இருந்தது என்று தேடியதில் பாதி நேரம் போயிற்று, போகட்டும்.

"சமயப் பாடத்துக்கு எதுக்கு லப்டொப்?" என்று கேட்கும் பெற்றோருக்கு இப்போது சுகமான பதில் ஒன்று இருக்கிறது. நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையத்தளம் செய்த கார்லோ அக்குதிஸ், 15 வயதில் 2006இல் இறந்தவர், 2025 செப்டெம்பர் 7இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஜீன்ஸும் சப்பாத்துமாக அவருடைய படத்தைக் காட்டியதும் பெடியள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெற்றோர் முழுதாகச் சமாதானம் ஆனார்களா என்று கேட்காதீர்கள்.

செலவென்று பார்த்தால் டேட்டாவும் ஒரு சின்ன ஸ்பீக்கரும்தான். லப்டொப்பின் சத்தம் விறாந்தையில் காற்றோடு போய்விடும், ஆகவே ஸ்பீக்கர் கட்டாயம். லப்டொப்பை முதல் நாளிரவே முழுதாகச் சார்ஜ் பண்ணி வையுங்கள், கரன்ட் பாடவேளை பார்த்து நிற்பதில்லை.

அடுத்த தவணை தரம் 10க்குப் பவுலின் கப்பல் பயணம். கிரேத்தா தீவின் தென்கரையை விட்டதும் அவர்களை அடித்துக்கொண்டு போனது வடகிழக்கிலிருந்து வந்த காற்று என்று திருத்தூதர் பணிகள் 27இல் இருக்கிறது. வடகிழக்கென்றால் நம்முடைய வாடை, கரையோரப் பிள்ளைகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கிரேத்தாவின் படங்கள் எடுத்து முடிந்துவிட்டன. மால்ட்டா மிச்சம், அது அடுத்த டேட்டா காட் போட்ட பிறகுதான்.