ஆறாத வாய்ப்புண்ணுக்கு "இன்னும் ஒரு வாரம் பாருங்க"ன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க

போன வருஷம் ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயில்ல குடில் போட்டு மூணு நாள் தங்கியிருந்தோம். அங்க வச்சுத்தான் எங்கம்மா முதல்ல சொன்னா: "இடது கன்னத்துக்குள்ள எரியுதுட்டீ, குழம்பே வாயில வைக்க முடியல." அந்தப் புண்ணு இன்னதுன்னு ஒரு காகிதத்துல எழுதி எங்க கைக்கு வர்றதுக்குக் கார்த்திகை கடைசி ஆயிட்டு. நாலரை மாசம். இந்த நாலரை மாசம் எப்படிப் போச்சுங்கிறதத்தான் எழுதுறேன். நம்ம ஊர்ப்பக்கம் வெத்தலை போடுறவங்க, புகையிலை வைக்கிறவங்க இல்லாத வீடு குறைவு.

எங்க ஊரு திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம். அம்மாவுக்கு 57 வயசு. முப்பது வருஷமா பீடி சுத்துறா. தட்டை மடியில வச்சா ஆயிரம் பீடி முடிச்சுத்தான் எந்திரிப்பா. கை ரெண்டும் இலையிலயும் தூளுலயும் இருக்கும், பசிக்கும் தூக்கத்துக்கும் வாயில வெத்தலை, பாக்கு, புகையிலை. எப்பவும் இடது கன்னத்துலதான் ஒதுக்கி வைப்பா. புண்ணு வந்ததும் அதே இடத்துலதான்.

முதல்ல பஜார்ல மருந்துக்கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி "உடம்புச் சூடு, வைட்டமின் குறைவு"ன்னு மாத்திரையும் வாயில தடவ ஒரு ஜெல்லும் கொடுத்தாரு. பத்து நாளாகியும் கேக்கலைன்னு கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் அம்மாவை நாக்கை நீட்டச் சொன்னாரு, அவ்வளவுதான். கன்னத்தை ஒதுக்கிப் பாக்கலை, டார்ச் அடிக்கலை, "புகையிலை போடுவீங்களா"ன்னு ஒரு வார்த்தை கேக்கலை. ஆன்டிபயாட்டிக் எழுதிட்டு "இன்னும் ஒரு வாரம் பாருங்க" அப்படின்னாரு. அந்த "ஒரு வாரம்" மூணு தடவை வந்துச்சு. மூணு தடவையும் ஃபீஸ் கொடுத்தோம்.

இதுக்கு நடுவுல வீட்டுல ஒண்ணு நடந்துச்சு. எங்க வீட்டுல சொதி வைக்கிறது விசேஷத்துக்குத்தான், இல்லைன்னா மாப்பிள்ளை விருந்துக்கு. அம்மா வாரத்துக்கு மூணு நாள் சொதி வைக்க ஆரம்பிச்சா. தேங்காய்ப்பால்ல காரம் இல்லாம இறங்குமே, அதுக்காகத்தான். நான் போகும்போதெல்லாம் ஆசையா ரெண்டு கரண்டி கூட ஊத்திச் சாப்பிட்டுட்டு வந்தேன். முறுக்கை டீயில ஊறப்போட்டு வலது பக்கமா மெல்லுறதையும் பாத்தேன். வயசாயிட்டுல்லா, பல்லு வலியாயிருக்கும்னு நினைச்சேன். அதை இப்ப நினைச்சாலும் எனக்கு நெஞ்சு அடைக்குது.

செப்டம்பர்ல கீழ்க்கடைவாய்ப் பல்லு ஆட ஆரம்பிச்சுது. பல் கிளினிக்ல "பல்லு கூர்மையா உரசித்தான் புண்ணு ஆறலை, எடுத்துட்டா சரியாயிடும்"னு ரெண்டு பல்லைப் பிடுங்கினாங்க. பிடுங்கின குழி ஒரு மாசம் ஆகியும் மூடலை. அதுலருந்து ரத்தம் கசியுது, காது வரைக்கும் வலி தெறிக்குது, வாயை ரெண்டு விரல் அளவுக்கு மேல திறக்க முடியல. அப்பவும் "பல்லு செட்டுக்கு அளவு எடுத்துடலாம், அட்வான்ஸ் கட்டிட்டுப் போங்க"ன்னாங்க. 6,000 ரூபாய் கட்டினோம். அந்தச் செட்டு இன்னைக்கு வரைக்கும் வரலை. வந்தாலும் மாட்டுறதுக்கு அந்தப் பக்கம் இப்ப தாடையே இல்ல.

நான் ரொம்பக் கோபப்படுறது இதுக்கப்புறம் போன இடத்து மேலதான். டவுனுக்குள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேர் சொல்லலை. நவம்பர் 11 அன்னைக்கு அங்கதான் முதல் தடவையா சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க. "கத்தி பட்டா பரவிடும்"னு சொந்தக்காரங்க பயமுறுத்தினதையும் மீறித்தான் சம்மதிச்சோம். சதை எடுத்துப் பாக்கிறதால புற்று பரவாது, பாக்காம விட்டாத்தான் அது பாட்டுக்கு வளரும். ஆறு நாள் படுக்க வச்சு டிரிப் ஏத்தினாங்க. 38,000 ரூபாய் பில்லு. ரிப்போர்ட் எங்கன்னு கேட்டா "லேப்ல இருந்து வரலை". ஒரு வாரம் கழிச்சுப் போன் போட்டோம், வரலை. என் வீட்டுக்காரர் நேர்ல போய் நின்னாரு, "பெரிய டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவாரு, இங்கேயே ஸ்கேனும் எடுத்துட்டு வாங்க, சேத்துப் பாப்பாரு"ன்னு திருப்பி அனுப்பினாங்க.

டிசம்பர் 12 அன்னைக்கு நான் போய் கவுண்டர்ல சத்தம் போட்ட பிறகு ஒரு ஃபைலைத் திறந்து காகிதத்தை உருவிக் கொடுத்தாங்க. வண்ணாரப்பேட்டை பஸ் ஸ்டாப்புல நின்னு பிரிச்சேன். 'ஸ்குவாமஸ் செல் கார்சினோமா'ன்னு போட்டிருந்துச்சு, அதாவது புற்றுநோய். அதை விட மேல் மூலையில இருந்த தேதிதான் என்னை உலுக்கிட்டு: நவம்பர் 18. லேப் ஒரே வாரத்துல அனுப்பிட்டு. 24 நாள் அது அவங்க ஃபைலுக்குள்ள கிடந்திருக்கு. எங்கம்மா புற்றுநோயோட வீட்டுல உக்காந்து பீடி சுத்திக்கிட்டு இருந்தா.

மறுநாள் காலையில ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். வரிசையில நின்னோம், இல்லைன்னு சொல்லலை. உள்ள இருந்தது சின்ன வயசு டாக்டரம்மா. கன்னத்தை ஒரு குச்சியால ஒதுக்கி டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. அப்புறம் அம்மா பின்னால வந்து நின்னு, தாடைக்குக் கீழ ரெண்டு பக்கமும் விரலால மெதுவா அழுத்திக்கிட்டே வந்தாங்க. இடது பக்கம் ஒரு இடத்துல விரல் நின்னுட்டு. என் கையைப் பிடிச்சு அங்க வச்சாங்க. புளியங்கொட்டை அளவுல ஒரு கட்டி, கல்லு மாதிரி. "இதை இதுவரைக்கும் யாரும் தொட்டுப் பாக்கலையாம்மா?"ன்னு கேட்டாங்க. நாலரை மாசத்துல யாருமே எங்கம்மா கழுத்தைத் தொட்டுப் பாக்கலை.

கட்டி ரெண்டு சென்டிமீட்டருக்குள்ள, கழுத்துல நெறி கட்டாம இருக்கும்போதே வந்திருந்தா பெரும்பாலும் ஆபரேஷனோட முடிஞ்சிருக்கும்னு அவங்க சொன்னாங்க. எங்களுக்கு அப்படி முடியல. தாடை எலும்புல பாதி போச்சு, நெஞ்சுல இருந்து சதை எடுத்து வச்சுத் தைச்சாங்க. அதுக்கப்புறம் ஆறு வாரம், வாரத்துக்கு அஞ்சு நாள், 30 தடவை கரண்ட் (கதிர்வீச்சு) வச்சாங்க. மூக்குல டியூப் வழியாத்தான் கஞ்சி. ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல நடந்துச்சு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா சேரலாம். கார்டு இல்லாதவங்க வி.ஏ.ஓ. கிட்ட வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோட கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல இப்பவே பதிஞ்சு வச்சிடுங்க. வியாதி வந்த பிறகு அலையிறது பெரும்பாடு.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மிஷின் எதுவும் வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்துல 1996ல ஒரு ஆய்வு தொடங்கினாங்க. டாக்டர்கூட இல்ல, பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர்கள் ஊர் ஊராப் போய் வெறும் கண்ணால வாயைப் பாத்தாங்க. புகையிலை, குடிப்பழக்கம் உள்ளவங்கள்ல வாய்ப்புற்றால சாகிறவங்க எண்ணிக்கை மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது. 2005லயே அது வெளிவந்துட்டு. புகையிலை இல்லாம வெறும் பாக்கு மட்டும் போட்டாலும் புற்று வரும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி மையம் 2004லயே அறிவிச்சிட்டு. "நான் புகையிலை சேக்கிறதில்ல, வெறும் பாக்குதான்"னு சொல்ற ஆச்சிமாருக்கு இதைச் சொல்லுங்க.

புண்ணு ரெண்டு வாரத்துக்கு மேல ஆறலைன்னா, கன்னத்துலயோ நாக்கு ஓரத்துலயோ வெள்ளையா சிவப்பா படலம் இருந்தா, வாய் திறக்க இறுக்கமா இருந்தா, காரணம் இல்லாம பல்லு ஆடினா, "சதை எடுத்துப் பாக்கணுமா"ன்னு நீங்களே வாயைத் திறந்து கேளுங்க. ஆறாத புண்ணுப் பக்கத்துல பல்லைப் பிடுங்க விடாதீங்க. சதை எடுத்துட்டாங்கன்னா எந்த லேப்னு கேட்டுக் குறிச்சுக்கோங்க, நேரடியாவே போன் போடலாம். எடுத்த சதையைப் பதிச்சு வச்சிருக்கிற கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்க, பெரிய ஆஸ்பத்திரியில அதைத்தான் கேப்பாங்க. எங்களுக்கு அதைக் கொடுக்கவும் பாக்கி பில்லைக் காட்டி ரெண்டு நாள் இழுத்தாங்க. நோயாளியோட ஆவணங்களைக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும்னு 2002லருந்தே மருத்துவக் கவுன்சில் விதி இருக்கு. அது எனக்கு அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா கவுண்டர்ல கெஞ்சிக்கிட்டு நின்னிருக்க மாட்டேன்.

ரிப்போர்ட்ல இருந்த தேதி, அது எங்க கைக்கு வந்த தேதி, ரெண்டையும் வச்சு அந்தத் தனியார் ஆஸ்பத்திரி மேல மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் ஆபீஸ்ல மனு கொடுத்திருக்கேன். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக ரெண்டு வருஷம் கெடு இருக்கு, அதுக்கும் காகிதம் சேத்துக்கிட்டு இருக்கேன்.

போன வாரம் அம்மா கூட உக்காந்து பீடி சுத்துற பக்கத்து வீட்டு அக்காவை வாசல் வெளிச்சத்துல வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்தேன். உள்கன்னத்துல கால் ரூபா அளவுக்கு வெள்ளைப் படலம். "எனக்கு எரியவே இல்லையே"ன்னு மறுத்தாங்க. அம்மாவுக்கு இப்ப பேச்சுத் தெளிவா வராது. எந்திரிச்சு வந்து அவங்க கையைப் பிடிச்சு, தன் கழுத்துத் தழும்பு மேல வச்சா. மறுநாளே ஐகிரவுண்டுக்குக் கிளம்பிட்டாங்க. சதை எடுத்திருக்கு. வர்ற புதன்கிழமை ரிப்போர்ட் வாங்க நானும் கூடப் போறேன்.