எலிஃபெண்டா அரை நாள் பயணம்: கைடுக்கு முழு மதிப்பெண், நேரத்துக்குப் பாதி

மும்பை செம்பூரில் குடியேறி பதினோரு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்களைக் கேட்வே ஆஃப் இந்தியா வரைக்கும் எத்தனையோ தடவை கூட்டிப் போயிருக்கிறேன். அங்கிருந்து படகு ஏறி எலிஃபெண்டா தீவுக்குப் போனது மட்டும் கிடையாது. இந்தப் பொங்கல் முடிந்து மாயவரத்திலிருந்து அம்மா வந்தார். "அந்தக் குகைக்குள்ள பெரிய சிவன் இருக்காராமே, அதைப் பாக்கணும்" என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. நாமே அலைந்தால் சரிப்படாது, கைடோடு அரை நாள் கூட்டிப்போகும் ஆட்களிடம் பணத்தைக் கட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆளுக்கு 1,200 ரூபாய், மகனுக்குப் பாதி. படகும் கைடும் அதில் அடக்கம். நுழைவுச்சீட்டு தனி. அது இந்தியர்களுக்கு 40 ரூபாய், பதினைந்து வயதுக்குக் கீழே இலவசம். திங்கட்கிழமை குகைக்கு விடுமுறை என்பதால் ஞாயிற்றுக்கிழமையே போனோம்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினைந்து பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம் என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் இருபத்தெட்டு பேர். ஒன்பது மணிக்குக் கேட்வே முன்னால் நிற்கச் சொன்னவர்கள், ஒன்பது பத்துக்கு "அந்தப் பக்கம் வாங்க" என்றார்கள். பிறகு மறுபடியும் வேறு இடம். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அம்மாவைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் அலைந்தேன். வயதானவர் வருகிறார், முழங்கால் வலி என்று பதிவு செய்யும்போதே சொல்லியிருந்தேன். உட்கார ஓர் இடமாவது காட்டியிருக்கலாம். படகு கிளம்பும்போது மணி 9.40.

படகில் ஏறியதும் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். போட்ட பிறகுதான் படகு நகர்ந்தது. 2024 டிசம்பர் 18 அன்று இதே வழியில் அதிவேகப் படகு ஒன்று மோதி, பயணிகள் படகு கவிழ்ந்து பலர் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி என் மனதில் இருந்துகொண்டே இருந்தது. அதனால் அம்மாவின் ஜாக்கெட் வாரை நானே இழுத்துக் கட்டினேன். மகன் "கசகசங்குதும்மா" என்று சொன்னாலும் கழற்ற விடவில்லை. மேல்தளத்துக்குத் தனியாகப் பத்து ரூபாய். தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு மணி நேரம் முழுக்க மும்பையை முதுகுப்பக்கத்திலிருந்து பார்க்கிறோம்: கடற்படைக் கப்பல்கள், புட்சர் தீவின் எண்ணெய்த் தொட்டிகள், நவசேவாத் துறைமுகத்தின் கிரேன்கள், வடக்கே கோடு கிழித்த மாதிரி அடல் சேது கடல்பாலம். குளிர்காலம் என்பதால் கடல்புறாக்கள் படகோடு சேர்ந்தே பறந்து வந்தன.

கைடு படகிலேயே அறிமுகம் செய்துகொண்டார். முப்பது வயதுக்குள் இருக்கும். அந்தத் தீவிலேயே பிறந்தவர். எலிஃபெண்டா என்பது போர்த்துகீசியர் வைத்த பெயர், எங்களுக்கு அது காராபுரி என்றுதான் பேச்சைத் தொடங்கினார். தீவில் மூன்று சிற்றூர்கள்: ஷேத் பந்தர், மோரா பந்தர், ராஜ் பந்தர். கடலுக்கடியில் கேபிள் போட்டு மின்சாரம் வந்ததே 2018இல்தான். அதுவரைக்கும் சாயங்காலம் சில மணி நேரம் ஜெனரேட்டர். எதிர்க்கரையில் ராத்திரி முழுக்க மும்பை மின்னிக்கொண்டிருக்கும், நாங்கள் விளக்கு வைத்துப் படித்தோம் என்றார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதிலிருந்து அம்மாவுக்கு அவர் 'தம்பி', அவருக்கு அம்மா 'மாவ்ஷி', மராத்தியில் சித்தி. அவர் இந்தி, அம்மா தமிழ். அதற்குப் பிறகு பாதி நேரம் என் மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

இறங்குதுறையிலிருந்து படிக்கட்டு அடிவாரம் வரை குட்டி ரயில் ஓடுகிறது. வயதானவர்களோடு வந்தால் அதில் ஏறிவிடுங்கள், காலைப் படிக்கட்டுக்காக மிச்சம் வைக்க வேண்டும். படிகள் சுமார் 120. இருபுறமும் கடைகள், மேலே நீலத் தார்ப்பாய், அதனால் வெயில் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கிப்போகும் டோலியும் உண்டு. "இன்னொருத்தர் தோள்ல ஏறி சாமி பாக்க மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டார். மூன்று இடத்தில் கடைக்காரப் பெண்கள் கேட்காமலே முக்காலியை இழுத்துப் போட்டார்கள். கைடு ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. இளவட்டங்களை மேலே போகச் சொல்லிவிட்டு எங்களோடு நின்றார். குரங்குகள் மட்டும் ஜாக்கிரதை. கையில் தண்ணீர் பாட்டில் தெரிந்தால் போதும், பறிபோய்விடும். எல்லாவற்றையும் பைக்குள் போட்டு ஜிப் போடுங்கள்.

குகை வாசலுக்கு வரும்போது மணி பதினொன்றே கால். இங்கேதான் அந்தக் கைடின் அருமை தெரிந்தது. மற்ற கைடுகள் உள்ளே நுழைந்ததும் நேராக அந்தப் பெரிய சிலைக்குக் கூட்டிப்போய், "பிரம்மா விஷ்ணு மகேஷ், போட்டோ எடுத்துக்கோங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் எங்களை வாசல் தாண்டியதும் நிறுத்தினார். வெயிலிலிருந்து வருகிறீர்கள், இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள், கண்ணுக்கு இருட்டு பழகட்டும் என்றார். நின்றோம். முதலில் தூண்கள் தெரிந்தன. தடித்த தூண்கள், உச்சியில் அமுக்கிவிட்ட தலையணை மாதிரி உருண்ட தலைப்பு. அப்புறம் அவற்றுக்குப் பின்னால் வேறு தூண்கள். கடைசியில் தூரத்துச் சுவரில் ஒரு முகம் மெதுவாக மேலே வந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது எல்லோரும் வடக்கு வாசல் வழியாக நுழைகிறோம். கிழக்கிலும் ஒரு வாசல் இருக்கிறது. அதன் வழியாக வந்தால் நேர் எதிரே லிங்கத்தின் கருவறை. வடக்கே இருந்து வந்தால் நேர் எதிரே அந்தப் பெரிய மூன்று முகச் சிலை, சதாசிவம். ஒரே மண்டபத்துக்குள் இரண்டு பாதைகள் குறுக்காக ஓடுகின்றன. இதை அவர் தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். லிங்கத்துக்கு நான்கு புறமும் வாசல், ஒவ்வொரு வாசலுக்கும் இரண்டு துவாரபாலகர்கள், ஆக எட்டுப் பேர். "நாலு வாசலா? நம்ம ஊர்ல ஒண்ணுதானே" என்று அம்மா ஒவ்வொரு வாசலிலும் நின்று கும்பிட்டார். அதுவரைக்கும் இருபத்தெட்டு பேரும் காத்திருந்தார்கள். அதற்கு அந்தக் கூட்டத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

சுவர்ச் சிற்பங்களை அவர் தனித்தனியாகக் காட்டவில்லை, ஜோடி ஜோடியாகக் காட்டினார். அசையாமல் யோகத்தில் இருக்கும் சிவனுக்கு எதிரே ஆடும் சிவன். அந்தகாசுரனைக் குத்தும் சிவனுக்கு எதிரே கல்யாண மாப்பிள்ளையாக நிற்கும் சிவன். கயிலாயத்தில் பார்வதியோடு சொக்கட்டான் ஆடும் காட்சிக்கு எதிரே, அதே கயிலாயத்தை அடியிலிருந்து அசைக்கும் இராவணன். ஒன்றைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி மற்றொன்றைப் பாருங்கள் என்றார். நான் தனியாகப் போயிருந்தால் இந்த இணைப்பு எனக்குத் தோன்றியிருக்கவே செய்யாது. எல்லாச் சிலைகளும் கைகால் உடைந்து ஒரே மாதிரி இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டு திரும்பியிருப்பேன்.

இராவணன் முன்னால் அம்மா கைடுக்கே பாடம் எடுத்தார். அம்மா தினமும் காலையில் தேவாரம் ஓதுபவர். சம்பந்தர் பதிகம் எதை எடுத்தாலும் பெரும்பாலும் எட்டாவது பாட்டில் இந்த இராவணன் வந்துவிடுவான்; மலையைத் தூக்குவான், இறைவன் விரல் ஊன்றுவார், நசுங்குவான், பாடி அருள் பெறுவான். இதை நான் இந்தியில் சொன்னதும் கைடு பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். அடுத்த தமிழ்க் குழு வந்தால் சொல்வேன் மாவ்ஷி என்றார்.

கல்யாணச் சிற்பத்தில் ஒரு நுணுக்கத்தைக் காட்டினார். பார்வதி சிவனுக்கு வலப்பக்கம் நிற்கிறாள். மனைவி என்றால் இடப்பக்கம்தானே? மணமுடியும் வரை பெண்ணின் இடம் வலப்பக்கம், ஆகவே இது கைப்பிடிக்கும் அந்த நேரம். "நம்ம வீட்டு மணையிலயும் அப்படித்தான்" என்றார் அம்மா. பிரம்மா புரோகிதராகக் கீழே உட்கார்ந்திருக்கிறார். பின்னால் பெண்ணின் தகப்பனார். சிவனின் கால்கள் உடைந்துபோயிருக்கின்றன. ஆனாலும் பார்வதியின் தலை லேசாகச் சாய்ந்திருக்கும் விதத்தில் வெட்கம் அப்படியே இருக்கிறது. மதுரைக் கம்பத்தடி மண்டபத்தின் மீனாட்சி கல்யாணம் பல நூற்றாண்டு பிந்தியது, அது வேறு அழகு. இங்கே ஆபரணமும் குறைவு, ஆட்களும் அவரவர் நிலையில் அமைதியாக நிற்கிறார்கள்.

சதாசிவத்துக்குக் கடைசியில்தான் வந்தோம். ஏறக்குறைய இருபது அடி உயரம், மார்பு வரைதான் செதுக்கியிருக்கிறார்கள். மூன்று முகங்கள் மூன்று தெய்வங்கள் இல்லை, மூன்றும் சிவனே என்று கைடு அழுத்திச் சொன்னார். நடுவில் தத்புருஷம், கண் மூடியிருக்கிறது. நமக்கு இடப்பக்கம் அகோரம்: மீசை, வளைந்த மூக்கு, கையில் பாம்பு. வலப்பக்கம் வாமதேவம்: சுருள்முடி, முத்துச்சரம், கையில் தாமரை மொட்டு. இடமிருந்து வலமாக மெதுவாக நடந்து வாருங்கள், முகம் மாறுவதைப் பாருங்கள் என்றார். நடந்தேன். அந்தக் கடுகடுப்பு நடுவில் வந்து அடங்கி, வலப்பக்கம் ஒரு பெண்ணின் மென்மையாகிறது. நடுமுகத்தின் தடித்த கீழுதட்டைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். பேசி முடித்துவிட்டு இப்போதுதான் மூடிய வாய் போல இருந்தது.

இது கிட்டத்தட்ட 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வேலை. தீவில் கிடைத்த காசுகளை வைத்துக் கலசூரி மன்னர்கள் காலத்தது என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். நம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைந்ததற்கு அரை நூற்றாண்டாவது முந்தியது. 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது.

சதாசிவத்துக்கு இருபுறமும் இருக்கும் அர்த்தநாரியையும் கங்காதரரையும் சரியாகப் பார்ப்பதற்குள் அமைப்பாளரிடமிருந்து கைடுக்குப் போன். படகுக்கு நேரமாகிவிட்டது, கீழே இறக்குங்கள் என்று. குகைக்குள் நாங்கள் இருந்தது மொத்தம் ஐம்பது நிமிடம். கங்காதரரின் தலைக்கு மேலே கங்கை மூன்று தலைகளோடு இருக்கிறாள் என்று கைடு நடந்துகொண்டே கைகாட்டினார், நாங்களும் நடந்துகொண்டே பார்த்தோம். மற்ற குகைகள், பீரங்கி இருக்கும் மலை, கிழக்குக் குன்றின் பௌத்தத் தூபி மேடு எதுவும் இல்லை. அவற்றை விட்டதில்கூட எனக்கு வருத்தமில்லை. முதல் குகைக்கு இரண்டு மணி நேரம் கொடுத்திருக்க வேண்டும். காலையில் அலைக்கழித்த அரை மணி நேரத்தை நியாயப்படி இங்கே கழித்துக் கொடுத்திருக்கலாம். இதைத் திரும்பியதும் அவர்களுக்கு எழுதினேன். "மன்னிக்கவும்" என்று ஒரு வரி வந்தது.

இறங்கும்போது மகன் கேட்டான், யானை எங்கே என்று. போர்த்துகீசியர் கரையில் பார்த்துப் பெயர் வைத்த அந்தக் கல் யானை இப்போது தீவில் இல்லை. நகர்த்த முயன்றபோது உடைந்து, பின்னால் மும்பைக்குப் போய், ஒட்டவைக்கப்பட்டு பைக்குல்லா ஜிஜாமாதா உத்யான் பூங்காவில் நிற்கிறது. அடுத்த ஞாயிறு அவனைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

இப்போது நீங்கள் போவதாக இருந்தால் என் கணக்கு இது. தனியாகவோ, நடக்கச் சிரமமில்லாதவர்களோடோ போகிறீர்கள் என்றால் இந்த அரை நாள் ஏற்பாடு வேண்டாம். கேட்வேயில் முதல் படகுக்கு நீங்களே டிக்கெட் எடுங்கள், தீவில் இறங்கி காராபுரிக்காரர் ஒருவரைக் கைடாகக் கேளுங்கள், கிளம்பும் நேரத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும், நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இந்த மாதிரி ஏற்பாட்டில் போகலாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்பே இரண்டு கேள்வி கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்: எத்தனை பேர் வருகிறார்கள், குகைக்குள் எத்தனை நிமிடம்?

துறையில் பிரியும்போது அம்மா கைடின் கையில் நூறு ரூபாயை வைத்து மூடினார். அவர் வேண்டாம் என்று மறுத்தும் கேட்கவில்லை. "அர்த்தநாரியைச் சரியாப் பாக்கல தம்பி, மாசி மாசம் திரும்ப வர்றேன்" என்றார். மகாசிவராத்திரிக்கு வாருங்கள், எங்கள் ஊரே லிங்கத்துக்குப் பூஜை செய்யும் என்று அவர் தன் நம்பரை என் போனில் போட்டுக் கொடுத்தார். அம்மா ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறார்.