பூட்டிய போனும் சித்தியின் பையும்

கட்டுநாயக்கவில் இறங்கியதும், ஏ9 வீதியில் விடிய விடிய பஸ்ஸில் வந்ததும், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனதும் எல்லாரும் எழுதுகிற கதை. நான் எழுதப்போவது முள்ளியவளைப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரி வாங்கில் இடது கையைத் தூக்கிப் பிடித்தபடி இருந்த முக்கால் மணித்தியாலத்தைப் பற்றி.

பொங்கலுக்கு அடுத்த நாள் காலமை, மருமகன் இளநீர் சீவிக்கொண்டிருந்தான். "கொண்டா, நான் சீவுறன்" என்று கத்தியை வாங்கினேன். ஒரு காலத்தில் ஒரே மூச்சில் இருபது சீவின கை. லண்டனுக்குப் போய் 30 வருசமாக அது வெட்டினதெல்லாம் பால் பெட்டிதான். மூன்றாவது சீவலில் கத்தி பெருவிரலுக்குக் கீழே இறங்கிவிட்டது. சித்தி ஓடிவந்து ஒரு பிடி கோப்பித்தூளை அப்பினார். சின்ன வயதில் அதோடு நின்றுவிடும். இப்போது நிற்கவில்லை. இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று இரண்டு வருசமாக இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை போடுகிறேன்.

"1990க்கு அடிக்கட்டோ மாமா?" என்றான் மருமகன். அந்த ஆம்புலன்ஸ் 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, ஒரு சதம் கொடுக்கத் தேவையில்லை. நான் ஊரில் இருந்த காலத்தில் எங்களுக்கு ஆம்புலன்ஸ் என்றால் உழவு இயந்திரப் பெட்டிதான். ஆனால் பக்கத்து வீட்டு ஓட்டோ படலையடியிலேயே நின்றது. ஏறிவிட்டோம். சித்தியும் ஒரு நீல சொப்பிங் பையோடு ஏறினார். என்ன பை என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.

டொக்டர் ஒரு சிங்களப் பிள்ளை, என் மகளின் வயதுதான் இருக்கும். கோப்பித்தூளைக் கழுவும்போது மட்டும் முகத்தைச் சுளித்தார். மற்றபடி பொறுமைசாலி, தமிழும் நன்றாகக் கதைத்தார்.

"என்ன குளிசை போடுறீங்க ஐயா?"

"இரத்தம் தண்ணியாக்கிற குளிசை."

"பெயர்?"

"ரோஸ் நிறம். காலமை ஒண்டு, இரவு ஒண்டு."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வார்ஃபரின் என்றால் விற்றமின் கே கொடுத்து அதன் வேலையை மாற்றலாம், புது வகைக் குளிசைகளுக்கு அது சரிவராது, அதுதான் பெயர் கேட்கிறேன் என்றார். கடைசியாக எப்போது ஏற்பூசி (ரெற்றனஸ் ஊசி) போட்டீர்கள், எந்த மருந்து ஒவ்வாது, சிறுநீரகம் எப்படி என்று அடுத்தடுத்துக் கேள்விகள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். இதற்காகத்தானே வெளிக்கிடுமுன் ஒரு வார இறுதி முழுக்க மினக்கெட்டு எல்லாவற்றையும் ஸ்கான் செய்து ஒரு ஆப்பில் ஏற்றி வைத்தேன்? ஈசிஜி, இரத்தப் பரிசோதனை, மருந்துப் பட்டியல், ஸ்பெஷலிஸ்டின் கடிதம். உலகத்தில் எந்த மூலையில் விழுந்தாலும் ஒரு நிமிசத்தில் எடுக்கலாம். "ஒரு நிமிசம் டொக்டர்" என்று வலது கையால் போனை எடுத்தேன்.

உள்ளூர் சிம் போட்டதைக் கண்டு ஆப் என்னைப் புது ஆள் என்று நினைத்துவிட்டதோ என்னவோ, கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன். சரி, உங்கள் இலக்கத்துக்கு ஒரு கோட் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்றது. எந்த இலக்கம்? என் லண்டன் இலக்கம். அந்த சிம், சித்தியின் அலுமாரியில், கடவுச்சீட்டின் மட்டையில் செலோரேப் போட்டு ஒட்டியபடி. சிக்னல் வேறு ஒரு கோடு. வெளியே வேப்பமரத்தடிக்குப் போனால் இரண்டு கோடு. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மரத்தடிக்கும் வாங்குக்குமாக நான் நடந்த நடையைப் பார்த்து, வரிசையில் நின்ற சனம் இது ஏதோ நேர்த்தி என்று நினைத்திருக்கும்.

இதற்கிடையில் மிஸி, அதாவது தாதி, வந்து "கொப்பி எங்க?" என்று கேட்க, சித்தி பையைத் திறந்து தன் கிளினிக் கொப்பியை நீட்டிவிட்டார். மிஸியும் புரட்டினார். பிரஷர், சீனி, மெற்ஃபோமின், லொசாற்றன், அடுத்த கிளினிக் திகதி. 74 வயதுச் சித்தியின் உடம்பு முழுவதும் அரை நிமிசத்தில் வெளியே வந்துவிட்டது. "இது அம்மாட கொப்பியல்லோ" என்று மிஸி சிரித்தார்.

கடைசியில் மனைவிக்குத்தான் அடித்தேன். லண்டனில் விடியப்புறம் நாலரை. குசினி அலுமாரியைத் திறந்து பெட்டியிலிருந்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்: அபிக்சபான், 5 மில்லிகிராம். நான் கொண்டுபோனது கிழமை நாள் போட்ட டப்பா. பெட்டிகள் பாரமென்று விட்டுவிட்டு வந்தது என் கெட்டித்தனம். நாலு தையல், ஒரு ஏற்பூசி.

பின்னேரம் திண்ணையில் சித்தி அந்தப் பையை எனக்குக் காட்டினார். அடையாள அட்டை, காணிப் பெமிற், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், எல்லாம் பால்மாப் பைக்கற்றை வெட்டித் தைத்த உறைக்குள். 2009இல் போர் முடிகிற நேரம் மாத்தளன் வழியாக மெனிக் பாம் அகதி முகாம் வரைக்கும் இடுப்பில் கட்டிக்கொண்டு போனவையாம். அதற்குள் இன்னொரு கொப்பி, தண்ணீர் ஊறி மை பரந்தது. சித்தப்பாவுடையது. கடைசியாக எழுதியிருப்பது 2008 செப்டம்பர். சித்தி அதை மட்டும் திறக்காமல் திரும்ப வைத்தார்.

மருமகன் என் போனை வாங்கி வேறொன்று செய்தான். பூட்டைத் திறக்காமலே, அவசர அழைப்பு என்று இருக்கிற இடத்தைத் தொட்டால் மருந்தும் ஒவ்வாமையும் மனைவியின் இலக்கமும் வருகிறது. அந்த வசதி போனுக்குள் இத்தனை வருசமும் சும்மா கிடந்திருக்கிறது. பூட்டியிருக்கும்போதும் காட்டு என்று ஒரு இடத்தில் தட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். நான் மயங்கி விழுந்திருந்தால் என் விரலையோ கோட்டையோ யார் கேட்டுப் பெற்றிருப்பார்கள்? மருந்துப் பட்டியலைக் குடும்ப வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடட்டோ என்றான். வேண்டாமடா தம்பி. மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரம். தகப்பனுக்கு நெஞ்சுவருத்தம் என்று டொரொன்டோ வரைக்கும் போய்விடும்.

தையல் வெட்டப் போனபோது, கொப்பி ஒன்று வாங்கி வாருங்கள் என்றார்கள். எதிர்க்கடையில் 40 பக்கக் கொப்பி, மட்டையில் பூனைக்குட்டிப் படம். மருந்தின் பெயர், ஏற்பூசித் திகதி, தையல் எண்ணிக்கை எல்லாவற்றையும் மிஸி முத்து முத்தாக எழுதித் தந்தார். லண்டனுக்கு வந்து என் டொக்டரிடம் கொடுத்தேன். வரவேற்பில் இருந்த பிள்ளை அதை வாங்கி ஸ்கான் செய்து கணினியில் ஏற்றினார், பூனைக்குட்டியையும் சேர்த்து.