ஆத்தங்குடிக் கல்லில் ஓடிய கார்கள்: மூன்றாண்டு அனுபவம்

காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டு வளவில் பேரனின் பொம்மைக் கார்கள் ஓடத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. உண்மைக் காரில் 64-இல் ஒரு பங்கு அளவுள்ள பதினோரு உலோகக் கார்களும் ஒன்றரை அடித் தேக்குப் பலகையுமே எங்கள் கருவிகள். இடையில் வாங்கிய பிளாஸ்டிக் ஓடுபாதை இரண்டே மாதத்தில் இணைப்புகளில் விரிந்துபோனதால், அதற்குச் செலவிட்ட பணம் வீண் என்றே சொல்வேன்.

முதல் ஆண்டு நிறம் பிரிப்பதிலும் எண்ணுவதிலும் கழிந்தது. அவனது நான்கரை வயதில்தான் தூரத்தை அளப்பது தொடங்கியது. தரையில் பதித்துள்ள ஆத்தங்குடிக் கல் ஒவ்வொன்றும் எட்டு அங்குலச் சதுரம் என்பதால், அளவுகோலைத் தொடாமலே கார் எத்தனை கல் தூரம் போனது என்று அவனால் எண்ண முடிந்தது. பலகையின் ஒரு முனைக்கு இரண்டு அங்குல மரக்கட்டை ஒன்றை அடைகொடுத்து, கார் தரையில் இடித்து நிற்காதபடி மறுமுனையில் காலண்டர் அட்டையை ஒட்டினோம். ஒரு கட்டைக்கு 8 கல், இரண்டுக்கு 18, மூன்றுக்கு 27 எனக் கார் ஓடியது. ஒவ்வொரு கட்டைக்கும் ஒன்பது, பத்துக் கல் கூடுவதை அவனே கண்டுபிடித்தான். உயரம் கொடுத்த ஆற்றலைச் சக்கரங்களின் உராய்வு கல்லுக்குக் கல் ஏறத்தாழச் சமமாகச் செலவழிப்பதே இதற்குக் காரணம். கோரைப்பாய் விரித்தால் அதே கார் மூன்றாம் கல்லைத் தாண்டாது.

காரைத் தள்ளக் கூடாது, விரலை எடுக்க மட்டும் வேண்டும் என்ற ஒழுங்கு அவனுக்குப் பழக ஒரு மாதம் பிடித்தது. விடுவதற்கு முன் எங்கே நிற்கும் என்று சொல்லச் சொல்வேன். இந்த விளையாட்டின் உயிரே அதில்தான் இருப்பதாகக் கருதுகிறேன். கனமான லாரிதான் அதிகத் தூரம் போகும் என்று அடித்துச் சொன்னவன், அது சிறிய காருக்குப் பின்னால் நின்றதும் வெகுநேரம் பேசவில்லை. எடை கூடினால் ஆற்றலோடு உராய்வும் கூடும் என்பதை அப்போது நான் விளக்கவில்லை.

ஒருநாள் சிவப்புக் கார் ஐந்தாம் கல்லிலேயே நின்றுவிட்டது. அவன் அதைக் கவிழ்த்து, சக்கரத்தைக் கண்ணருகே வைத்துச் சுழற்றினான்.

"ஐயா, அச்சுல அப்பத்தா முடி சுத்திக்கிட்டு இருக்கு!"

ஊசியால் முடியை எடுத்துவிட்டு மறுபடி விட்டபோது அது பதினாறு கல் ஓடியது. உராய்வு என்ற சொல்லை அன்றுதான் அவனுக்குச் சொன்னேன்.

மூன்று வயதுக்குள் இவற்றைக் கொடுக்க வேண்டாம். கழன்ற சக்கரம் தொண்டையில் சிக்கக்கூடும். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதால் அதைப் பார்த்து வாங்குங்கள்.

சென்ற மாதம், ஏழு சென்டிமீட்டர்க் காரை 64 முறை அடுத்தடுத்து வைத்துச் சாக்கட்டியால் கோடிட்டோம். இருபத்திரண்டு கல் தாண்டிக் கோடு முடிந்தது. அவன் தெருவில் நின்ற காருக்கு ஓடி, அதன் நீளத்தைக் காலடியால் அளந்து வந்தான்.