பழைய மேக் இயங்குதளமான மொஹாவியின் ஐஎஸ்ஓ என்று சொல்லி 3,500 ரூபாய் பறித்துவிட்டார்கள், உஷார்!

நேற்று இரவு வரை போனை எடுத்த கடைக்காரர், இன்று காலை என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

நான் புத்தகப் பக்க வடிவமைப்பு செய்பவள். பழைய 32 பிட் மென்பொருளில் செய்த கோப்புகள் நிறைய இருக்கின்றன. 2019இல் கேட்டலினா என்ற மேக் இயங்குதளம் வந்ததோடு மேக்கில் 32 பிட் மென்பொருள் ஓடுவது போய்விட்டது. அதற்கு முந்தைய மொஹாவிதான் வேண்டும். என்னிடம் இருப்பதோ எம்1 மேக்புக், அதாவது இன்டெல் இல்லாமல் ஆப்பிளின் சொந்தச் சிப். வெர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) ஓட்டலாமே என்று, மொஹாவி ஐஎஸ்ஓ (நிறுவும் டிஸ்க் முழுவதும் ஒரே கோப்பாக) கிடைக்குமா எனப் பழைய கம்ப்யூட்டர் விற்கும் ஒரு கடையில் விசாரித்தேன்.

"எம்1 சார், ஓடுமா?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டேன். "எதுவா இருந்தாலும் ஓடும் மேடம்" என்று சொல்லி, தன் லேப்டாப்பில் மொஹாவி பூட் ஆகி மொழி கேட்கும் திரை வரை வருவதைக் காட்டினார். அந்தத் திரையைப் பார்த்துத்தான் நம்பினேன். அது இன்டெல் மேக் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. 3,500 ரூபாய் கொடுத்து பென்டிரைவை வாங்கி வந்தேன்.

வீட்டில் வெறும் கறுப்புத் திரைதான். போன் செய்தால் முதலில் "ரேம் பத்தாது" என்றார். அப்புறம் "செட்டிங் தப்பு" என்று ரிமோட்டில் வந்து, அட்மின் பாஸ்வேர்டு கேட்டு, அரை மணி நேரம் நோண்டினார். கடைசியில் "ஃபைலைத் திறந்துட்டா ரிட்டர்ன் கிடையாது மேடம்". 3,500 ரூபாயை அப்படியே விழுங்கிவிட்டார்.

விஷயம் தெரிந்த நண்பர் ஒரே நிமிடத்தில் சொன்னார்: மொஹாவி இன்டெல் சிப்புக்கு மட்டுமே எழுதப்பட்டது. எம்1இல் மேக் வெர்ச்சுவல் மெஷின் என்றால் மான்டரே என்ற பதிப்பும் அதற்குப் பிந்தையவையும்தான், அதுவும் ஐஎஸ்ஓ இல்லை, ஐபிஎஸ்டபிள்யூ என்ற ஆப்பிளின் தனி வகைக் கோப்பு. மொஹாவி இன்ஸ்டாலரை ஆப்பிளே இலவசமாகத் தருகிறது! அவருடைய பழைய இன்டெல் மேக் மினியில் அதை இறக்கி, ஹெச்டிஐயூடில் என்ற மேக் கட்டளையால் 8 ஜிபி காலி இமேஜ் (டிஸ்க் போலவே இயங்கும் கோப்பு) ஒன்றை உருவாக்கி, இன்ஸ்டாலருக்குள்ளேயே இருக்கும் கிரியேட்இன்ஸ்டால்மீடியா என்ற கருவியை ஓட்டி, வந்ததை ஐஎஸ்ஓவாக மாற்றினார். அதுவும் இன்டெல் மேக்குக்குத்தான். ஒரு மாலை வேலை. செலவு பூஜ்யம். இதற்கா 3,500 ரூபாய்?

எப்படிச் செய்வது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. பிறர் செய்த ஐஎஸ்ஓவைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாது. உங்கள் மெஷினிலேயே பூட் ஆவதைப் பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள். ரிமோட்டில் யாருக்காவது பாஸ்வேர்டு சொல்லியிருந்தால் உடனே மாற்றுங்கள். நானே இன்று காலைதான் மாற்றினேன்.