ரொக்கெட்டுக்குள் நியோ-6எம்: குண்டுமணி அளவு பற்றரியின் கூத்து

“பறந்து விழுந்த மாதிரி ரொக்கெட்டைத் தேடிப் பிடிக்க நியோ-6எம் ஜீபிஎஸ் போர்டு போதுமா?” என்று கேட்பவர்களுக்காக. காலிமுகத்திடல் போன்ற வெளியில் அரை நிமிடத்தில் இடம் பிடிக்கும். வெள்ளவத்தை மாடிக் கட்டடங்களுக்கு நடுவே இழுத்தடிக்கும். பிடித்த பின் குறை சொல்ல ஒன்றுமில்லை. 3.3 வோல்ட் புரோ மினி (சின்ன ஆர்டுயினோ போர்டு), இடத்தைத் தரைக்கு அனுப்பும் 433 மெகாஹேர்ட்ஸ் லோரா ரேடியோவோடு சேர்த்து 500 எம்ஏஎச் லிப்போ பற்றரியில் ஐந்து மணி நேரம் ஓடும். லோரா அன்ரனாவுக்கு 17.3 செ.மீ. வயர் துண்டு போதும்.

எரிச்சல் எல்லாம், மின்சாரம் போனாலும் ஜீபிஎஸ்ஸின் நினைவைக் காக்க போர்டில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்னப் பற்றரியில்தான். மலிவுப் போர்டுகள் பலவற்றில் அது வாங்கும்போதே செத்திருக்கும். மீட்டரில் 3 வோல்ட் அளவு காட்ட வேண்டும். 1 வோல்ட்டுக்குக் கீழே என்றால் வெறும் அலங்காரம். மேசையில் இது தெரியாது. பரசூட்டைத் தள்ளும் வெடிப்பில் கனெக்டர் ஒரு கணம் ஆடினால் ஜீபிஎஸ் மட்டும் அணைந்து எழும். ஆர்டுயினோ ஓடிக்கொண்டே இருக்கும். பற்றரி உயிரோடிருந்தால் ஓரிரு வினாடியில் மீண்டும் இடம் பிடித்துவிடும். இல்லையேல் முதலிலிருந்து தேட வேண்டும். அதற்குள் ரொக்கெட் அன்ரனா மண்ணைப் பார்க்க விழுந்திருக்கும். தொடக்கத்தில் அனுப்பிய ‘ஏர்போர்ன் 4ஜி’ அமைப்பும் (புவியீர்ப்பின் நான்கு மடங்கு முடுக்கம் வரை பறப்பதற்கானது) போய், செங்குத்து வேகம் விநாடிக்கு 50 மீற்றருக்கு மேல் தாங்காத ‘போர்ட்டபிள்’ நிலைக்குத் திரும்பியிருக்கும்.

அந்தச் சின்னப் பற்றரியைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் 0.22 ஃபரட், 5.5 வோல்ட் சூப்பர் கப்பாசிற்றரை வயரால் இணையுங்கள். மூன்று நான்கு மணி நேரம் நினைவைத் தாங்கும். சிஆர்2032 நாணயப் பற்றரி போட ஆசைப்படாதீர்கள். அந்த இடத்துக்கு சார்ஜ் வரும். சார்ஜ் ஏற்றக்கூடாத பற்றரி அது. ஜீபிஎஸ்ஸின் மின்வழியில் 470 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர் ஒன்று. கனெக்டரே வேண்டாம், நேரே சோல்டர். ஏர்போர்ன் கட்டளையை ஒருமுறை அனுப்பிவிட்டு இருந்துவிடாமல் பத்து வினாடிக்கு ஒருமுறை அனுப்புங்கள். கடைசியாகக் கிடைத்த இடத்தை, எத்தனை வினாடி பழையது என்ற எண்ணோடு, லோரா சொல்லிக்கொண்டே இருக்கட்டும். உயரம் அளக்க இதை நம்பாதீர்கள். எஞ்சின் தள்ளும்போது 4ஜி தாண்டும். அந்த வேலை காற்றழுத்தம் அளக்கும் பாரோமீற்றருக்கு.

இவ்வளவும் செய்தால் புல்லுக்குள் கிடக்கும் ரொக்கெட்டுக்குச் சில மீற்றர் அருகே கொண்டுபோய் விடும், சந்தேகமில்லை. ஆனாலும் புதிதாக வாங்குவதானால் இது வேண்டாம். ஒரு சின்ன மலிவுப் பொருளுக்காக இவ்வளவு சோல்டர் புகை குடிக்க முடியாது. நியோ-எம்8என் எடுங்கள், அமைப்பை மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் வைத்திருக்கும். அதிலும் போலி உண்டு. அமைப்பை ஃபிளாஷில் சேமித்து, மின்சாரத்தையும் சின்னப் பற்றரியையும் கழற்றி, மறுபடி போட்டுப் பாருங்கள். மறந்திருந்தால் அன்றைக்கே புறக்கோட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.